கண்ணீர் யாத்த கவிதை: தேம்பாவணியில் கருணையன் புலம்பல்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இலக்கிய மாலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "தேம்பாவணியைப் பற்றி அரைமணி நேரம் பேசுங்கள்" என்று கேட்டார்கள். தேம்பாவணி ஒரு கடல். 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 செய்யுட்கள். அரைமணி நேரத்தில் கடலை நீந்திக் கடக்க முடியாது. ஆனால் ஒரு கை நீரை அள்ளிப் பார்த்தாலும் கடலின் உப்பு தெரிந்துவிடும். அதனால் ஒரே ஓர் இடத்தை, அதிலும் 5 செய்யுட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கருணையன் தன் தாயை அடக்கம் செய்துவிட்டுப் புலம்பும் இடம் அது. பள்ளிப் பாடநூலில் இடம்பெற்ற பகுதி ஆகையால், நம் பிள்ளைகளுள் பலர் இதை மனப்பாடம் செய்திருப்பார்கள். மதிப்பெண் வாங்கியதும் மறந்தும் இருப்பார்கள். மறந்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் சேர்த்தே இந்த உரை.

இளைஞர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, அம்மா செத்துக் கிடக்கிறாள். மகன் அழுகிறான். அழுகிறவன் எதுகை பார்ப்பானா? மோனை பார்ப்பானா? இதெல்லாம் புலவர்கள் செய்யும் வேலை. உண்மையான துக்கத்துக்கு இலக்கணம் எதற்கு?" என்கிறார்கள். நேர்மையான கேள்வி. விடை சொல்லாமல் தட்டிக் கழிக்கக் கூடாது. இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான விடைதான்.

பாட்டின் சூழ்நிலை

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். கருணையன் என்பவர் யாரோ அல்லர். நம் பெரியவர்கள் அருளப்பர் என்று சொல்லிவந்த திருமுழுக்கு யோவான்தான். யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்பது பொருள். வீரமாமுனிவர் ஒலியைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்த்துக் கருணையன் என்றார். சூசையப்பரை வளன் என்றதும் இதே முறைதான். யோசேப்பு என்ற பெயரில் பெருகுதல், வளர்தல் என்ற பொருள் இருக்கிறது.

யோவானின் தாய் எலிசபெத்தம்மாள் எப்படி இறந்தார் என்று நற்செய்தியில் இல்லை. பிள்ளை வளர்ந்து, மனவலிமை பெற்று, இஸ்ரயேலருக்கு வெளிப்படும் நாள்வரை பாலைநிலத்தில் இருந்தார் என்று லூக்கா முதல் அதிகாரத்தின் கடைசி வசனம் மட்டும் சொல்கிறது. ஏரோதின் வாளுக்குத் தப்பித் தாயும் பிள்ளையும் மலைக்காட்டுக்கு ஓடினர் என்பது பழைய கிறித்தவ மரபுக்கதை. இந்த மரபுக்கும் அந்த ஒற்றை வசனத்துக்கும் இடையில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. காட்டில் தாய் இறந்துபோனால் அந்தப் பிள்ளை என்ன செய்திருப்பான்? சாவுக்குச் சொல்லியனுப்ப ஆள் இல்லை. தோள் கொடுக்க நாலு பேர் இல்லை. குழி வெட்ட ஒருவரும் இல்லை. அந்த இடத்தில்தான் நம் கவிஞர் நின்று பாடுகிறார்.

கவிஞரைப் பற்றி இரண்டு வார்த்தை. கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். 1710இல் இந்தியா வந்தார். 1747இல் மறைந்தார். தேம்பாவணியை 1726இல் பாடி முடித்தார். 1730இல் தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூலை எழுதி, எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்துக்கும் இலக்கணம் சொன்னார். யாப்பும் அணியும் அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இதுவே சான்று. தாய்மொழியாக வாய்க்காத ஒரு மொழியின் எலும்பும் நரம்பும் தெரிந்துகொண்டு பாடியவர் அவர்.

யாப்பு என்னும் கட்டு

யாத்தல் என்றால் கட்டுதல். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவது யாப்பு. தமிழில் உடம்புக்கு யாக்கை என்று ஒரு பெயர் உண்டு. அதுவும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். எலும்பும் தசையும் நரம்பும் சேர்த்துக் கட்டியது யாக்கை. சொற்களைச் சேர்த்துக் கட்டியது யாப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் பயன்படும்.

நான் எடுத்துக்கொண்ட 5 செய்யுட்களும் ஒரே யாப்பில் அமைந்தவை. அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம் என்று பெயர். பெயர் நீளமாக இருப்பதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். ஓர் அடிக்கு 6 சீர். இப்படி 4 அடி. மொத்தம் 24 சீர். அவ்வளவுதான். இலக்கணத்தைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காதில் போட்டுப் புரியவைப்பது எளிது. மாதிரிக்காக நானே ஒன்று கட்டி வந்திருக்கிறேன். கவிதை என்று கொள்ளாமல், தையற்காரர் வெட்டிக் காட்டும் காகித அளவு என்று கொள்ளுங்கள்.

காலையில் எழுந்து வீட்டுக் கதவினைத் திறக்கும் போதும்
வேலையில் களைத்த கைகள் வியர்வையைத் துடைக்கும் போதும்
சாலையில் தனித்துச் செல்வோர் சஞ்சலம் கொள்ளும் போதும்
மாலையில் ஒலிக்கும் கோயில் மணியொலி நெஞ்சில் தங்கும்.

முதல் அடியைப் பிரித்துச் சொல்கிறேன்: காலையில், எழுந்து, வீட்டுக், கதவினைத், திறக்கும், போதும். அடி நடுவில் இரண்டாக மடிகிறது. ஒவ்வொரு பாதியிலும் 3 சீர். முதற்சீர் விளம், இரண்டாவது மா, மூன்றாவது தேமா. விளம் என்பது நிரையில் முடியும் சீர். காலையில் என்பது கூவிளம், கதவினைத் என்பது கருவிளம். மா என்பது நேரில் முடியும் சீர். எழுந்து என்பது புளிமா, போதும் என்பது தேமா. பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த வாய்பாடு நினைவிருக்கும். நினைவில்லாதவர்கள் தொடையில் தட்டிப் பாருங்கள். முதற்சீரில் குரல் ஏறுகிறது. இரண்டாவதில் இறங்குகிறது. மூன்றாவதில் உட்கார்ந்துவிடுகிறது. ஏறி, இறங்கி, உட்கார்கிறது. மறுபடி ஏறி, இறங்கி, உட்கார்கிறது. 4 அடியில் 8 முறை இப்படி நடக்கிறது.

இனித் தொடை. காலை, வேலை, சாலை, மாலை என்று நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறதே, அது எதுகை. 'காலையில்' என்று தொடங்கிய அடியில் நாலாம் சீர் 'கதவினை' என்று அதே இன எழுத்தில் தொடங்குகிறதே, அது மோனை. முதல் மூன்று அடியும் 'போதும்' என்று முடிகின்றனவே, அது இயைபு. இப்போது மூன்றாம் அடியில் 'சஞ்சலம்' என்பதை எடுத்துவிட்டுத் 'துயரம்' என்று வைத்துப் படியுங்கள். பொருள் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஏற வேண்டிய இடத்தில் குரல் ஏறாமல் கால் இடறுகிறது. சகரத்துக்குச் சகரம் என்ற பிடியும் கழன்றுவிடுகிறது. ஒரு சொல்லை மாற்றினால் பாட்டே நொண்டுகிறது என்றால், அந்தக் கட்டு எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள்.

இன்னொரு செய்தி. அப்பர் பெருமானின் திருநேரிசைப் பதிகங்கள் இந்த யாப்பில் அமைந்தவை. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையும் இந்த யாப்புத்தான். வீரமாமுனிவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே தமிழ் அடியார்கள் இறைவன்முன் இந்த நடையில் நெஞ்சுருகிப் பாடியிருக்கிறார்கள். தாயை இழந்த ஒரு யூதப் பிள்ளையின் அழுகைக்குத் தமிழர் காதுக்கு நன்கு பழகிய அந்த நடை அமைந்திருக்கிறது. கதை புதிதாக இருக்கலாம். அழுகையின் ஓசை நமக்குப் புதிதல்ல.

முதற் செய்யுள்: அடக்கம்

இனிப் பாட்டுக்குள் போவோம். செய்யுள்களைப் படித்துக் காட்டாமல் பொருளைச் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் நூலை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருணையன் மலர் போன்ற தன் கைகளைக் குவிக்கிறான். "நிலமகளே, இவளை அன்போடு காப்பாயாக" என்கிறான். குழிக்குள் மலர்ப் படுக்கை விரிக்கிறான். நல்லறங்கள் அனைத்தையும் தன்னுள் அடக்கி வாழ்ந்த அந்தத் தாயின் உடலை மண்ணுக்குள் அடக்குகிறான். அதன்மேல் பூவையும் கண்ணீரையும் சேர்த்துச் சொரிகிறான்.

இந்தச் செய்யுளின் எதுகையைக் கவனியுங்கள். முதல் அடியில் பூப்போன்ற கை. அடுத்த அடியில் சேக்கை, அதாவது படுக்கை. அதற்கடுத்த இரண்டு அடிகளில் உடம்பைக் குறிக்கும் யாக்கை, ஆக்கை என்ற சொற்கள். கை, படுக்கை, உடல் என்று எதுகைச் சொற்களை மட்டும் வரிசையாகப் படித்தாலே அடக்கச் சடங்கு நம் கண்முன் நடந்துவிடுகிறது. எதுகை இங்கே ஒட்டவைத்த ஜரிகையாக இல்லை. துணியின் நூலாகவே இருக்கிறது.

பூ என்ற சொல்லையும் பாருங்கள். கை பூப்போன்றது, அங்கே பூ மலர். அவன் விளிப்பது பூவை. அங்கே பூ நிலம். கடைசியில் கண்ணீரோடு சொரிவது பூ, மறுபடியும் மலர். கையில் தொடங்கி, மண்ணுக்குள் போய், மலராக மேலே வந்துவிடுகிறது அந்த ஒரே எழுத்து. உயிர்ப்பு என்ற சொல்லை இந்தச் செய்யுளில் கவிஞர் எழுதவில்லை. எனினும் விதைத்தது முளைக்கும் என்ற எண்ணம் அந்தச் சொல்லாட்சியில் எனக்குத் தென்படுகிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'அடக்கி' என்ற சொல். அது இருமுறை வருகிறது. தாய் அறங்களைத் தன்னுள் அடக்கினாள். மகன் தாயை மண்ணுக்குள் அடக்கினான். நம் பங்குகளில் இறந்தவரைப் புதைத்தார்கள் என்றா சொல்கிறோம்? அடக்கம் செய்தார்கள் என்கிறோம். நாள்தோறும் நம் வாயில் புரளும் சொல். அடக்கமாக வாழ்ந்தவரை அடக்கம் செய்கிறோம் என்ற இரட்டைப் பொருள் அதற்குள் இருப்பதை இந்தச் செய்யுள் நமக்கு உணர்த்துகிறது.

யாப்பும் யாக்கையும் ஒரே வேர் என்றேன் அல்லவா? தாயின் யாக்கை குலைந்துபோனது. கட்டு அவிழ்ந்துவிட்டது. அந்த நேரத்தில் கவிஞர் ஒரு கட்டும் குலையாத செய்யுளை எழுப்புகிறார். அவிழ்ந்துபோனதற்கு ஈடாக அவிழாத ஒன்று.

இரண்டாம் செய்யுள்: காய்ந்த பயிர்

அடுத்த செய்யுளில் மகன் பேசுகிறான். தாயின் வாயிலிருந்து மணிமணியாய் வந்த உண்மை மொழிகளே மழைநீராக, அவள் மார்பில் ஆடும் மணிமாலையாக உள்ளம் குளிர வாழ்ந்தேன். இன்று மழைத்துளி இல்லாமல், மணி பிடிக்கும் முன்னே வாடிக் காய்ந்துபோன இளம்பயிர் போலக் காய்ந்துவிட்டேன் என்கிறான்.

'வாய்மையே மழைநீர்' என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது உருவகம். 'பயிர் காய்ந்ததுபோலக் காய்ந்தேன்' என்று பக்கத்தில் வைத்துக் காட்டுவது உவமை. வாழ்ந்த காலத்தைச் சொல்லும்போது உருவகம் வருகிறது; இழந்த காலத்தைச் சொல்லும்போது உவமை வருகிறது. தாய் உயிரோடு இருந்தவரையில் அவளும் மழையும் ஒன்று. அவள் போனபின் 'போல' என்ற சொல் இடையில் வந்து நிற்கிறது.

மணி என்ற சொல் நான்கு அடியிலும் வருகிறது. ஓர் இடத்தில் வாய்மொழியின் மணி, ஓர் இடத்தில் மார்பின் மணி, ஓர் இடத்தில் மழைத்துளியாகிய மணி, ஓர் இடத்தில் கதிரில் முற்றும் மணி. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து வேறு வேறு பொருள் தருவதைச் சொற்பின்வருநிலை அணி என்பார்கள். இங்கே உங்களில் சிலர், "இது கொஞ்சம் அதிகம், அழுகிற பிள்ளை இவ்வளவு வேலைப்பாடு செய்யமாட்டான்" என்று சொல்லலாம். நானும் ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். இந்த 5 செய்யுட்களில் புலவரின் கை மிகுதியாகத் தெரியும் இடம் இதுதான். ஆனாலும் கடைசி அடியில் கதிர் முற்றாமல் காய்ந்த பயிர் என்ற இடத்துக்கு வரும்போது, வானம் பார்த்த பூமியில் விதைத்துவிட்டு நின்ற எவருக்கும் நெஞ்சு சுருக்கென்கிறது. கொள்ளிடக்கரைக்கு அருகில் உள்ள ஏலாக்குறிச்சியில் பணியாற்றியவர் வீரமாமுனிவர். மழை பொய்த்த வயலைக் காட்டினால் தமிழ் உழவனுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

மூன்றாம் செய்யுள்: அடுக்கிய உவமைகள்

மூன்றாவதில் உவமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. கொம்பிலிருந்து கொய்த மலர்போல உள்ளம் வாடுகிறது. நஞ்சு தோய்ந்த அம்பு துளைத்த புண்போல நோகிறது. துணையைப் பிரிந்த பறவைபோலக் காட்டில் அழுது தேம்புகிறேன். சரிந்த வழுக்கு நிலத்தில் வழி தெரியாமல் தனியே விடப்பட்டவன் ஆனேன்.

அடிக்கு ஓர் உவமை. முதலில் வாட்டம். பிறகு வலி. பிறகு பிரிவு. கடைசியில் கால் ஊன்ற இடமில்லாத நிலை. அடிகளின் முதற்சொற்களில் விரிதல், எரிதல், பிரிதல், சரிதல் என்ற நான்கு வினைகள் எதுகையாக நிற்கின்றன. ஒரு குடும்பத்தின் துயரக் கதையை இந்த நான்கு சொல்லில் எழுதிவிடலாம். மலர்ந்தது, எரிந்தது, பிரிந்தது, சரிந்தது. செய்யுளின் முடிவில் 'தனித்தேன்' என்ற சொல் வந்து நிற்கிறது. அடுக்கிய உவமைகள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு ஏறிவந்த படிகள்.

நான்காம் செய்யுள்: அறியேன், அறியேன்

இனி நான்காவது. என் கணிப்பில் ஐந்திலும் சிறந்தது இதுதான். இதில் உவமை இல்லை. உருவகம் இல்லை. மலரும் இல்லை, மணியும் இல்லை.

பிழைக்கும் வழி அறியேன். உடம்பைப் பேணும் முறை அறியேன். உணவு தேடும் வகை அறியேன். காட்டில் செல்லும் வழி அறியேன். தாய் தன் கையால் காட்டியது ஒன்றையே அறிந்தேன். அந்தத் தாயும் என்னை விட்டுத் தனியே போய்விட்டாள்.

'அறியேன்' என்று நாலு முறை வருகிறது. பிறகு 'அறிந்தேன்' என்று ஒரே ஒரு முறை. நாலு கதவைத் தட்டி நாலும் மூடியிருக்க, ஐந்தாவது கதவு திறக்கிறது. திறந்தால் உள்ளே யாரும் இல்லை. நான்கு எதிர்மறைக்குப் பின் வரும் உடன்பாடு நமக்கு ஆறுதல் தரும் என்று எதிர்பார்க்கிறோம். அது வந்த வேகத்தில், தாய் போய்விட்டாள் என்ற செய்தியால் அறுபடுகிறது. 'தனித்தேன்' என்று மேலே தன்னைச் சொன்னவன், இங்கே 'தனித்து' என்று தாயைச் சொல்கிறான். நானும் தனி, அவளும் தனி. துணையாக யாரும் வரமுடியாத வழியில் அவள் போயிருக்கிறாள்.

இப்போது இளைஞர்களின் கேள்விக்கு வருகிறேன். அழுகிறவன் எதுகை பார்ப்பானா?

நம் ஊர்ச் சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். படிக்காத பாட்டி ஒருத்தி, தலைவிரி கோலமாய், மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். அவள் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி தொடங்கும். ஒவ்வொரு வரியும் ஒரே சொல்லில் முடியும். எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். அவளுக்கு எதுகை, மோனை, இயைபு என்ற பெயர்கள் தெரியாது. ஆனால் மூன்றும் அவள் அழுகையில் இருக்கும். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் புலம்பல் நம் பெரியவர்களை அழவைத்ததில் சொல்லின் பங்கோடு ராகத்தின் பங்கும் இருந்தது.

அளவில்லாத துக்கம் மனிதனை ஊமையாக்கிவிடும். அல்லது வெறும் கூச்சலாகச் சிதறிவிடும். அதற்கு ஓர் அளவு கிடைத்தால்தான் வாய்விட்டுச் சொல்லமுடிகிறது. கேட்பவரும் சேர்ந்து அழமுடிகிறது. கரை இருந்தால்தான் வெள்ளத்தை ஆறு என்கிறோம். ஆகவே, அழுகிறவன் எதுகை பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அழுகை தானே எதுகையைத் தேடிப்போகிறது. 'அறியேன்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு கருணையன் அழுவதும், ஒரே விளியைப் பிடித்துக்கொண்டு நம் பாட்டி அழுவதும் ஒரே செயல்தான். வீரமாமுனிவரின் தமிழ் ஏட்டுத் தமிழாக இருக்கலாம். இந்தச் செய்யுளின் மூச்சு நம் வீட்டுத் திண்ணையில் கேட்ட மூச்சு.

ஐந்தாம் செய்யுள்: காடு அழுகிறது

கடைசிச் செய்யுளில் மகன் பேசி முடித்துவிட்டான். கவிஞர் பேசுகிறார். நவமணி கோத்த மாலைபோல நல்லறங்களைக் கோத்து அணிந்த தவமார்பன் என்று கருணையனைச் சொல்கிறார். மேலே தாய் அறங்களைத் தன்னுள் அடக்கியவள் என்றார். இங்கே அந்த அறங்கள் மகன் மார்பில் மாலையாகக் கிடக்கின்றன. தாய் போனாள், அவள் சேர்த்துவைத்த சொத்து பிள்ளையிடம் வந்துவிட்டது. 'கை காட்டிய முறை ஒன்றே அறிவேன்' என்று அவன் கலங்கினானே, அந்த ஒன்று போதுமானதாக இருந்தது என்று கவிஞர் சொல்லாமல் சொல்கிறார்.

அவன் புலம்பிய ஓசைக்கு எதிர்ப்பாட்டுப் பாடுவதுபோல், பூத்த மரங்கள்தோறும், மலர் நிறைந்த சுனைகள்தோறும் பறவையும் வண்டும் எழுப்பிய ஒலியில் அந்தக் காடே அழுவது போலிருந்ததாம். பறவை இயல்பாகக் கூவுகிறது. வண்டு இயல்பாக முரல்கிறது. அந்த இயல்பான செயல்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வதால் இது தற்குறிப்பேற்ற அணி. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையும்போது மதிற்கொடிகள் அவர்களை வரவேண்டாம் என்று கைகாட்டி மறிப்பதுபோல அசைந்தன என்று சிலப்பதிகாரம் சொல்கிறதே, அதே அணி.

தேர்வுத்தாளில் அணியின் பெயரை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். நாம் இன்னும் ஒரு படி மேலே போகலாம். இந்த அணி இந்த இடத்தில் ஏன் வரவேண்டும்? இது யாரும் வராத சாவு என்று முதலிலேயே சொன்னேன். ஒருவன் ஒப்பாரி வைத்தால் எடுத்துப் பாட, கட்டிப்பிடித்து அழ, நாலு பேர் வேண்டும். இந்தப் பிள்ளைக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஆகவே கவிஞர் காட்டையே துக்கத்துக்கு அழைத்துவருகிறார். பறவைகளும் வண்டுகளும் உறவினராக வந்து உட்கார்ந்து எதிர்ப்பாட்டுப் பாடுகின்றன. அனாதைச் சாவாக இருந்ததை ஊர்ச் சாவாக மாற்றிவிடுகிறது அந்த ஓர் அணி. அணி என்றால் நகை என்று பொருள் சொல்கிறோம். இங்கே அணி நகையாக வரவில்லை, துக்கம் கேட்க வந்திருக்கிறது.

முடிவாக

பெருமக்களே, 5 செய்யுட்கள், செய்யுளுக்கு 24 சீராக 120 சீர்கள். அதற்குள் ஓர் அடக்கம், ஒரு வாழ்வின் நினைவு, ஒரு வலி, ஒரு திகைப்பு, ஓர் ஆறுதல் ஆகிய எல்லாம் நடந்து முடிந்துவிட்டன. எதுகை சடங்கைக் காட்டியது. உருவகமும் உவமையும் இருந்ததையும் இழந்ததையும் பிரித்துக் காட்டின. திரும்ப வந்த ஒரு சொல் திகைப்பைக் காட்டியது. தற்குறிப்பேற்றம் துணையைக் கொண்டுவந்தது. ஏறி இறங்கி உட்காரும் அந்த விருத்த நடை, விம்மி விம்மி அடங்கும் மூச்சைப்போல, முதலிலிருந்து கடைசிவரை உடன் வந்தது. இவற்றில் எதை எடுத்துவிட்டாலும் அழுகையின் ஒரு பகுதி குறைந்துபோகும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கும்போது முதலில் பாடிக் காட்டுங்கள், பிறகு இலக்கணக் குறிப்பு எழுதவையுங்கள். பாடகர் குழுவினருக்கும் ஒன்று. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் நாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி நிற்கிறோம். பூவையும் கண்ணீரையும் ஒன்றாய்ச் சொரிந்த அந்தப் பிள்ளையின் பாட்டை அங்கே ஒருவர் ராகத்தோடு பாடினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! இந்த யாப்பு பல ராகங்களுக்கு இணங்கி வரும். பாடிப் பாருங்கள்.

நம் வீடுகளில் ஒப்பாரி தெரிந்த பாட்டிமார் இன்னும் ஒருசிலர் இருக்கிறார்கள். அவர்கள் பாடுவதைப் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும். அதில் எங்கே எதுகை வருகிறது, எங்கே ஒரு சொல் திரும்ப வருகிறது என்று கோடிட்டுப் பார்க்கட்டும். யாப்பு எதற்கு என்ற கேள்விக்கு என்னைவிட அந்தப் பாட்டிமார் நல்ல விடை சொல்வார்கள்.